யூரியா எட்டாத மூலை

என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லாரியிலிருந்து இறங்கி வந்த வருஷம், எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். எல்லாரும் என்றால் அவரும், இரண்டு கறவை மாடும், ஒரு கிடாரியும்தான். மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "டிஸ்க் நகர்ந்திருக்கு, கொஞ்ச மாசத்துக்கு ஸ்டியரிங் பக்கமே போகாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர் கட்டிலில் கிடந்தார். மாடுகள் அசை போட்டன. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

காரணம் அவருடைய போன். லாரி ஓனர் அடிக்கடி கூப்பிடுவார். "இடுப்பு தேவலைங்களா டிரைவரே?" என்று ஆரம்பித்து, "எப்ப வர்றீங்க?" என்று முடிப்பார். குரல் பெரிது, ஸ்பீக்கர் போடாமலே கொட்டகை வரைக்கும் கேட்கும். நான் பால் கறந்துகொண்டிருந்தால் கை காம்பிலேயே நின்றுவிடும். என்ன பதில் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்த பீச்சு வராது. மாடு திரும்பிப் பார்க்கும்.

கல்யாணமான நாளிலிருந்து ரோட்டிலேயே இருந்தவர் அவர். தீபாவளிக்கு வந்தால் பொங்கலுக்கு வரமாட்டார். வந்தாலும் ஒரு குளியல், ஒரு கறிச்சோறு, ஒரு நல்ல தூக்கம், அவ்வளவுதான், மறுபடி வண்டி. நானும் ஒரு நாள் தடுத்ததில்லை. 'போகாதீங்க' என்ற வார்த்தையே எங்களுக்குள் புழங்கியதில்லை. காட்டையும் மாட்டையும் மகளையும் நானே பார்த்துக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் கட்டிலோடு கிடந்த அந்தச் சில வாரங்களில் எனக்கு ஒன்று புரிந்துபோயிற்று. இந்த மனுஷன் வீட்டிலேயே இருக்க வேண்டும். அவர் இருமுகிற சத்தம் எனக்கு வேண்டும். இந்த வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஒரு நாள், "கெணத்துக்குக் கீழ இருக்கற துண்ட எனக்கு வுடு. மாட்டுக்குத் தீவனம் நான் போட்டுக் காட்டறன்" என்றார்.

இண்டூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் காடு. செம்மண் நிலம். போர் தண்ணீர் கொஞ்சம் உண்டு. மேல் துண்டில் கோ ஃபோர் என்கிற தீவனப் புல் ஏற்கனவே நான் போட்டிருந்தேன், அது பழசாகித் தூர் கட்டிவிட்டது. கீழ்த்துண்டு சும்மாதான் கிடந்தது. "எடுத்துக்குங்க, யார் வேணாம்னா" என்று உடனே சொல்லிவிட்டேன். அவரைக் கட்டிப்போட ஒரு கயிறு கிடைத்தது என்று மனசுக்குள் குஷி.

அவருடைய யோசனை, புல்லோடு வேலிமசாலையும் சேர்த்துப் போடுவது. மூன்று சால் புல்லுக்கு ஒரு சால் மசால். வேலிமசால் என்பது புளியங்கன்று மாதிரி சின்னச் சின்ன இலை விடுகிற பயறு வகைச் செடி. மாடு விரும்பித் தின்னும், பாலும் கூடும், புண்ணாக்குச் செலவு கொஞ்சம் குறையும். வடக்கே லோடு போகிறபோது டீக்கடைப் பக்கத்துக் காடுகளில் இப்படிப் புல்லும் பயறும் கலந்து நிற்பதைப் பார்த்திருக்கிறாராம். நமக்கும் கலந்து போடுவது புதிதில்லை. எங்கள் பக்கம் கேழ்வரகு விதைத்தால் இடையில் மொச்சைச் சால் விடாத ஆளே கிடையாது. ஆனால் கேழ்வரகு மழையை நம்பி, எருவை நம்பி மெதுவாக வளர்கிற பயிர், மொச்சைக்கும் இடம் விடும். கோ ஃபோர் அப்படியா? தண்ணீர் காட்டினால் மறுநாளே நம் தோளில் கை போடும்.

விதை வந்த அன்றே சண்டை. அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அதில் வேலிமசால் விதையைக் கொட்டினார்.

"என்னங்க இது? வெதைய வேக வெச்சு சுண்டல் பண்ணப் போறீங்களா?"

"தோலு கெட்டி. சுடுதண்ணி பட்டாத்தான் மொளைக்கும். நீ அந்தப் பக்கம் போ."

சொன்னபடி கொஞ்ச நேரத்தில் வடித்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டார். காலையில், உரக்கடையில் கொடுத்த பாக்டீரியா பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கரைத்து, விதையைப் புரட்டி, வேப்பமர நிழலில் சாக்கு விரித்து உலர்த்தினார். வேர் முடிச்சு கட்டுவதற்கு அந்த மருந்து. செடி காற்றில் இருக்கிற தழைச்சத்தைப் பிடித்து முடிச்சில் சேர்த்துக்கொள்ளும், அதற்கு யூரியாவே தேவையில்லை என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். காற்றைத் தின்று வளர்கிற செடி என்றால் நமக்கு நல்லதுதானே என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

புல்லின் தண்டுக் கரணையும் மசால் விதையும் ஒரே ஈரத்தில் மண்ணுக்குள் போயின. புல் வந்தது. மசால் வருகிறதா இல்லையா என்று குனிந்து தேட வேண்டியிருந்தது. அவர் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருப்பார். பக்கத்துக் காட்டு அம்மா வேலியோரம் நின்று என்னைக் கேட்டாள்: "ஏம்மா, ஒங்க வூட்டுக்காரரு புல்லுக்கு வாட்ச்மேன் வேல பாக்கறாரா?" சிரித்துவிட்டு வந்தேன். உள்ளே எரிந்தது. அந்தச் செடி சீக்கிரம் வளர வேண்டுமே என்று எனக்கு இருந்த அவசரம் அவருக்குக்கூட இல்லை. செடி தேறினால் மனுஷன் இங்கே நிற்பார், இல்லாவிட்டால் வண்டி ஏறிவிடுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வேலையும் முழுசாகச் செய்ய முடியவில்லை. உலையை வைத்துவிட்டுக் காட்டுக்கு ஓடுவேன், காட்டிலிருந்து அடுப்புக்கு ஓடுவேன்.

அதற்குள் மசால் மஞ்சள் அடிக்க ஆரம்பித்தது. புல்லும் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது, ஆனால் மசால் ரொம்ப மோசம். காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருந்தது.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. புல்லை அறுத்துக் கட்டி வைத்ததும், தண்ணீர் பாய்கிற மடையோடு நடந்து, மடியில் கட்டின யூரியாவைப் பிடி பிடியாக இறைத்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவோம். பச்சை குறைந்தாலும் ஒரு பிடி. மழை பெய்தாலும் ஒரு பிடி. யாரும் யாரையும் கேட்பதில்லை. குழந்தை அழுதால் பால் கொடுக்கிற மாதிரிதான் அது. அன்றைக்கும் என் மடியில் யூரியா இருந்தது, மீதி வரப்பில் பையோடு.

"வேணாம்னு கடையில சொன்னாங்க" என்றார் அவர், பக்கெட்டில் உட்கார்ந்தபடி.

"மஞ்சளாக் கெடக்குது. பாத்துக்கிட்டு சும்மா இருங்கறீங்களா?"

அவரும் செடியைப் பார்த்தார். அவருக்கும் பயம்தான், முகத்தில் தெரிந்தது. "சரி, போடு" என்று எழுந்து, தானும் ஒரு பக்கம் அள்ளி இறைத்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் போட்டோம். கிழக்கு வேலியோரம் ஒரு மூலைக்குப் போவதற்குள் பை காலியாகிவிட்டது. நாளைக்கு வாங்கி வந்து போடலாம் என்று விட்டோம். மறுநாள் கிடாரிக்கு வயிறு உப்பிக்கொண்டது, அந்த மூலை மறந்தே போயிற்று.

பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டுமே! புல்லுக்குத் திருவிழா. ஒரு வாரத்தில் கரும்பச்சை, அடுத்த வாரத்தில் ஆள் உயரம். உள்ளே நுழைந்தால் கையைக் கிழித்தது. நான் சந்தோஷமாக மசால் சாலைத் தேடினேன். இருட்டுக்குள் நூல் மாதிரி நீண்டு, இலை உதிர்ந்து, பாதி செத்துக் கிடந்தது. அவர் ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் கழுவித் துடைத்த மாதிரி மொழுக்கென்றிருந்தது. முடிச்சு ஒன்றுகூட இல்லை.

அவர் பிடுங்கிய செடியை வரப்பில் வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். என்னை இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பேசாமல் போனதுதான் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் ஓனரின் போன் வந்தது. திங்கட்கிழமை லோடு இருக்கிறது, வருகிறீர்களா, வேறு ஆளைப் போடட்டுமா என்று ஒரே பேச்சாகக் கேட்டார். "ரெண்டு நாள்ல சொல்றங்க" என்று இவர் வைத்துவிட்டார். நான் தவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து வாளியில் கை வைத்தார். பழக்கதோஷத்தில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"இடுப்ப வெச்சுக்கிட்டு இதெல்லாம் உங்களுக்கு என்னாத்துக்கு? போய் ஒக்காருங்க."

அவர் கையை எடுத்துவிட்டார். "இங்க எனக்கு என்னா வேல இருக்குது சொல்லு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். "எல்லாம் நீயே பாத்துக்கற. வண்டில ஏறினா ஸ்டியரிங்காச்சும் என் கையில இருக்கும்."

வாய்க்குப் பஞ்சமில்லாதவள் நான், அன்றைக்கு வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் அவர்தான் அந்த மூலையைக் கண்டுபிடித்தார். கீழ்த்துண்டிலிருந்து குரல் கொடுத்தார். என்னவோ பாம்பு என்று நினைத்து அரிவாளோடு ஓடினேன். கிழக்கு வேலியோரம், பை காலியானதால் நாங்கள் யூரியா போடாமல் விட்ட இடம். அங்கே புல் இடுப்பு உயரத்தில்தான் நின்றது, நிறமும் சுமார். நடுவில் மசால் தழைத்து, அடர்ந்து, கையை விட்டால் குளிர்ச்சியாக இருந்தது. மஞ்சள் போன இடம் தெரியவில்லை. அவர் முழங்காலை ஊன்றி மண்ணைக் கிளறி ஒரு செடியை வேரோடு எடுத்தார். வேர் நெடுக உருண்டை உருண்டையாக முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

"பாரு புள்ள. மண்ணுல இருந்த தழைச்சத்த எல்லாம் புல்லு மொதல்லயே உறிஞ்சிக்கிச்சு. அது வேரு அப்படி, சல்லி சல்லியா ஓடும். இதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. வேற வழியில்லாம இது தானா சம்பாதிக்க ஆரம்பிச்சிடுச்சு."

"அப்ப அந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம் நாம அள்ளிப் போட்டோம். கையில குடுத்தா இது எதுக்கு முடிச்சு கட்டும்? போட்டதுல முக்காவாசியும் புல்லு தின்னுட்டு, மேல எழும்பி வெயிலையும் மறைச்சுக்கிச்சு."

அவர் புல்லைத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று பட்டது. தவிட்டு வாளி, பால் வாளி, கதிர் அரிவாள், சாணிக் கூடை என்று அவர் தொட்டதையெல்லாம் நான் பிடுங்கினேன். அக்கறை என்று நினைத்துத்தான் பிடுங்கினேன். சோற்றையும் மாத்திரையையும் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மனுஷனை வீட்டில் நிறுத்த வேண்டும் என்று தவித்தவள், அவர் நிற்க ஓர் அடி இடம் விடவில்லை. எனக்கு என் மேலேயே அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

அன்று மத்தியானம், "பென்னாகரம் போறன்" என்று அறிவித்தேன். அங்கே என் அக்கா இருக்கிறாள். கண் ஆபரேஷன் செய்துகொண்டு, வந்து பார்க்கவில்லை என்று போனில் புலம்பிக்கொண்டிருந்தாள்.

அவர் நம்பவில்லை. "மாடு?"

"நீங்க இருக்கீங்கல்ல."

"பால் கறக்கறது?"

"கறந்துக்குங்க. சின்ன வயசுல கறக்காததா? குனியறப்ப பாத்துக் குனியுங்க." வாயை அதற்கு மேல் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெரிய மாடு இடது காலை வீசும், பருத்திக்கொட்டையை முன்னால் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும், பால் சொசைட்டிக்கு லேட்டாகக் கூடாது என்று நாக்கு நுனியில் எத்தனை விஷயம்! ஒன்றையும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

மாட்டை இன்னொருவர் கையில் விட்டு நான் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. பஸ்ஸில் ஒகேனக்கல் போகிற கூட்டம் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. எனக்குக் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி எதிர்ப் பஸ் பிடித்துவிடலாமா என்று கால் பரபரத்தது. அக்கா வீட்டுக்குப் போயும் அப்படித்தான். அவளுக்குச் சொட்டு மருந்து விட்டேன், பாத்திரம் தேய்த்தேன், தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்த்தேன். "ஏண்டி, கொஞ்சம் ஒக்காரேன், என் கண்ணு சுத்துது" என்றாள் அக்கா. கறவை நேரம் வந்ததும் என் விரல்கள் தாமாகவே மடங்கி விரிந்தன.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மாடு உதைத்துக் கீழே விழுந்துவிட்டாரா? இல்லை, திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாரா? இரண்டாவது நினைப்புத்தான் பெரிதாக இருந்தது. தூங்கினேனோ இல்லையோ, காலையில் அக்காவின் காபியைப் பாதி குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். "மாப்ள என்ன சின்னக் கொழந்தையா?" என்று அவள் திட்டியது தெரு முனை வரை கேட்டது.

வீட்டில் ஆள் இல்லை. கதவு சாத்தியிருந்தது. கொட்டகையில் சாணி அள்ளியிருந்தது, ஆனால் மூலையில் கொஞ்சம் விட்டிருந்தது. பால் வாளி ஒரு பக்கம் நெளிந்து கிடந்தது. கட்டில் மேல் அவருடைய போன் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் வரிசையாக என் அழைப்புகள், நடுநடுவே ஓனரின் அழைப்புகள். ஒன்றையும் எடுத்துப் பேசியிருக்கவில்லை. அவர் வண்டிக்குத் தூக்கிப்போகிற பை ஆணியில் தொங்கியது.

போனோடு கீழ்த்துண்டுக்கு ஓடினேன். நான் தலை உயரத்துக்கு விட்டிருந்த புல் எல்லாம் அடியோடு ஒட்ட அறுபட்டுக் கட்டுக் கட்டாகக் கிடந்தது. அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது; நானாக இருந்தால் இன்னும் பருமன் கட்டட்டும் என்று விட்டிருப்பேன். வெயில் நேராக மசால் சாலில் இறங்கியிருந்தது. செத்தது போக மிச்சமிருந்த செடிகள் வெளிறிப்போய், வெயிலுக்குக் கண் கூசினவை மாதிரி நின்றன. பிழைக்குமா என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. அவர் மடையோரம் முழங்கால் போட்டு உட்கார்ந்து, போன இடங்களில் புது விதை ஊன்றிக்கொண்டிருந்தார். யூரியாப் பை கண்ணிலேயே படவில்லை.

"உதைச்சிடுச்சா?" என்று கேட்டேன்.

"உதைச்சுது. பாதிப் பால் கீழ. மீதி சொசைட்டிக்குப் போயிடுச்சு." முழங்கைச் சிராய்ப்பைக் காட்டினார். முகத்தில் சிரிப்பு. இவர் சிரிப்பதை எப்போது கடைசியாகப் பார்த்தேன் என்று தெரியவில்லை. "போன் எங்க வெச்சன்னே தெரியல. நேத்துல இருந்து கையி ஒழியல."

போன் என் கையில் இருந்தது. அப்படியே முந்தானையில் முடிந்துகொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்வானேன். பிறகு நீட்டினேன். "அவரு கூப்ட்டிருக்காரு. நெறைய தடவ."

மண் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அங்கேயே நின்று, என் எதிரிலேயே ஓனரைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்துப் பெரிய குரல் வழக்கம்போல எனக்கும் கேட்டது. என்னங்க டிரைவரே, திங்கக்கிழமை வர்றீங்கல்ல?

"இல்லீங்க. வேற ஆளப் போட்டுக்குங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இங்க வேல இருக்குதுங்க" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு புல்கட்டைத் தூக்கப் போனேன். "அத வெய்யி, நான் எடுத்தாறன்" என்றார். இடுப்புக்கு ஆகாதே என்று வாய் வரைக்கும் வந்தது. சின்னக் கட்டாக இரண்டாகப் பிரித்து அவர் தூக்கினார். நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். வெறுங்கையோடு நடந்து எனக்குப் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் நெளிந்த வாளியைத் தட்டி நிமிர்த்தி எடுத்துக்கொண்டு பெரிய மாட்டின் அடியில் மெதுவாக உட்கார்ந்தார். பருத்திக்கொட்டையை முன்னால் வைக்க மறந்துவிட்டார். நான் கொட்டகைத் தூணோரம் கல்லில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். மாடு இடது காலைத் தூக்கியது. நான் எழுந்திருக்கவில்லை.